மானிட்டர் மாற்றினால் கணக்கும் மாறலாம்



தராசை மாற்றினால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். கிட்டங்கிப் பூட்டை மாற்றினால் சாவி எத்தனை என்று எண்ணி வாங்குகிறோம். பில் போடும் கம்ப்யூட்டரில் மானிட்டரை மாற்றினால் மட்டும், வெளிச்சம் வந்துவிட்டதா என்று பார்த்த கையோடு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அப்படிப் போனதால் எங்கள் மண்டியில் நேர்ந்த ஒரு சங்கடத்தையும், அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். நாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்லர். பள்ளிக்கூடப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்தவர்கள். ஆகவே கடைக்காரர் மொழியிலேயே சொல்கிறோம்.

லினக்ஸுக்கு மாறிய கதை

விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எங்களிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-ஐ ஏற்காதவை. மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க மனம் வரவில்லை. எங்களுக்கு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்த உள்ளூர் இளைஞர், "லினக்ஸ் போட்டுக்கலாம் ஐயா, என் புரோகிராம் அதுலயும் ஓடும்" என்றார். அந்த வருடம் ஆடி மாதத்தில், வியாபாரம் மந்தமாக இருந்த சமயம் பார்த்து, லினக்ஸ் மின்ட் என்பதைப் போட்டுக்கொண்டோம்.

லினக்ஸ் என்பது திறந்த மூல ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் மூலநிரல் எல்லார் பார்வைக்கும் உரியது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இதைத் தொடங்கினார். நம் சென்னையிலேயே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற சிஸ்டத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. நாங்கள் போட்டுக்கொண்ட மின்டுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஒன்றை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்: சில கணக்கு புரோகிராம்கள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. உங்கள் பில் புரோகிராம் லினக்ஸில் ஓடுமா என்று எழுதியவரிடம் கேட்டுக்கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

இரண்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடியது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், முன்கல்லாவில் இருந்த பழைய சதுர மானிட்டர் அணைந்து போனது. கடை நிறையக் கூட்டம். வாசலில் மூன்று வண்டி நிற்கிறது. பையனை அனுப்பி ஓர் அகல மானிட்டர் வாங்கி வரச் செய்து, பழைய கம்பியையே அவசரத்தில் அழுத்திச் செருகினோம். படம் வந்தது. எழுத்துகள் முன்பைவிடப் பெரிதாக, கொஞ்சம் பருத்துத் தெரிந்தன. எங்கள் வயதுக்கு அது இதமாகத்தான் இருந்தது. "நல்லாத் தெரியுதுப்பா, பில்லைப் போடு" என்று சொன்னது நாங்கள்தான்.

இரவு கல்லா எண்ணியபோது கணக்கைவிட 86,400 ரூபாய் அதிகம். குறைந்திருந்தால் விடிய விடியத் தேடியிருப்போம். கூடுதல்தானே, எங்காவது ஒரு வரவு எழுத விட்டுப் போயிருக்கும், காலையில் பார்க்கலாம் என்று பூட்டிவிட்டோம். அங்கேதான் இரண்டாவது தவறு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் புரோகிராம் வழக்கம்போல் பாக்கிதாரர்களுக்கெல்லாம் போனில் குறுஞ்செய்தி அனுப்பியது. ஒன்பதே காலுக்கு, முப்பது வருடமாக எங்களிடம் பலசரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நேத்து ரொக்கம் எண்ணிக் குடுத்துட்டுத்தானே வண்டி ஏத்தினேன். பாக்கின்னு வந்திருக்கே?"

"அப்படியா அண்ணாச்சி, ஏதோ தப்பு நடந்திருக்கு. பார்த்துச் சொல்றேன்."

"முப்பது வருஷமா உங்க கடைச் சிட்டையை நான் திருப்பிப் பார்த்ததில்ல. இனிமே பார்க்கணுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் பில் பக்கத்தின் அடியில் இரண்டு வரி உண்டு. ஒன்று, 'ரொக்கமா கடனா' என்பது. அடுத்தது, வாங்கிய தொகை. பெரும்பாலோர் கடனில் எடுப்பதால், ஒன்றும் தட்டாமல் விட்டால் கடன் என்றே ஏறும்படி வைத்திருந்தோம். புதிய மானிட்டரில் அந்த இரண்டு வரியும் திரைக்குக் கீழே போய்விட்டன. பில் போடும் தம்பியைக் கேட்டால், "அந்த வரி காணோம்னு தெரியும் முதலாளி. எண்டர் தட்டினா பில் வருதேன்னு விட்டுட்டேன்" என்றான். கூட்ட நேரத்தில் யார்தான் நின்று யோசிப்பார்கள்? முந்தைய நாள் ரொக்கம் கொடுத்த பதினேழு பேரும் எங்கள் புத்தகத்தில் பாக்கிதாரர்களாகி இருந்தார்கள்.

"இந்த லினக்ஸே ஆகாது, பழையதையே போடுங்கள்" என்று எங்கள் வீட்டிலேயே ஒரு குரல் எழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புரோகிராம் எழுதிய இளைஞர் வந்து அரை மணி நேரத்தில் கோளாறைக் காட்டினார். அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும் கீழே வரிசையாகத் தருகிறோம்.

திரையின் அளவு அங்குலத்தில் இல்லை

மானிட்டர் வாங்கும்போது நாம் 17 அங்குலம், 22 அங்குலம் என்று கேட்கிறோம். அது மூலைக்கு மூலை குறுக்காக அளந்த நீளம். எவ்வளவு விஷயம் திரையில் அடங்கும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது புள்ளிக் கணக்கு. ஆங்கிலத்தில் ரெசல்யூஷன் என்பார்கள். அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி என்று இரண்டு எண்கள்.

எங்கள் பழைய சதுர மானிட்டர் 1280க்கு 1024. அதாவது உயரத்தில் 1024 புள்ளிகள். எங்கள் பில் பக்கத்தின் உயரம் 900 புள்ளி. திரையின் அடிப் பட்டைக்கு 40 போனாலும் தாராளமாக அடங்கியது.

புதிய மானிட்டர் 1920க்கு 1080 காட்டக்கூடியது. உயரம் இன்னும் அதிகம்தான். ஆனால் அன்று அது ஓடியது 1024க்கு 768 என்ற அளவில். 1024 உயரத்தில் கால் பங்கு, அதாவது 256 புள்ளி குறைந்துபோனது. அடிப் பட்டைக்கு 40 போக மீதி 728. 900-இல் 728 தெரிய, அடியில் 172 புள்ளி உயரம் மறைந்துவிட்டது. ரொக்கமும் வரவும் இருந்தது அந்த 172-இல்தான். எழுத்து பெரிதாகத் தெரிந்ததே, அது இதன் அடையாளம். குறைந்த புள்ளிகளைப் பெரிய திரையில் பரப்பினால் எழுத்து பெருக்கத்தான் செய்யும். நீள அகலப் பொருத்தமும் மாறுவதால் பக்கவாட்டில் பருத்துத் தெரியும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். விலை குறைந்த அகல மானிட்டர்கள் பல 1366க்கு 768 அளவுள்ளவை. பழைய சதுர மானிட்டரைவிட அகலம் கூடுதல், உயரம் குறைவு. பில் என்பது மேலிருந்து கீழே நீளுவது. ஆகவே கடைக்காரருக்கு உயரக் கணக்குதான் முக்கியம். பெட்டியின் மேல் 1920க்கு 1080 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கம்பி வழியே நடக்கும் பேச்சு

பெரிய மானிட்டரை வாங்கி வைத்தும் கம்ப்யூட்டர் ஏன் சிறிய அளவைக் கொடுத்தது? இதற்கான பதில் எங்களுக்கே வியப்பாக இருந்தது.

சரக்கு மூட்டையோடு ஒரு சீட்டு வருகிறது. எந்த மில், என்ன ரகம், எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். அதுபோல ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய ஒரு சீட்டை உள்ளே வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் ஈ.டி.ஐ.டி. வெசா என்ற அமைப்பு 1994-இல் வகுத்த முறை இது. அடிப்படைச் சீட்டு மொத்தம் 128 எண்கள். தயாரித்தவர் யார், என்ன மாடல், எந்த வருடம் செய்தது, எந்தெந்த அளவுகளைக் காட்ட முடியும், எது தனக்குப் பொருத்தமான அளவு என்பதெல்லாம் அதில் அடக்கம். கடைசியில் வரும் 128-ஆவது எண், சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. எல்லா எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் வழியில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இன்வாய்ஸின் அடியில் கூட்டுத்தொகை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோமே, அதே வேலைதான்.

கம்ப்யூட்டர் இந்தச் சீட்டை வாங்கிப் படித்த பிறகுதான் எந்த அளவில் படம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. சீட்டு கிடைக்காவிட்டால் லினக்ஸ் ஊகித்து ஆபத்தை வாங்கிக்கொள்வதில்லை. எந்த மானிட்டரும் தாங்கும் என்று 1024க்கு 768 அளவோடு நிறுத்திக்கொள்கிறது. முகம் தெரியாத ஆளுக்குப் பெரிய தொகை கடன் கொடுக்காத கடைக்காரர் புத்திதான் அது. குறை சொல்ல முடியாது.

சரி, சீட்டு ஏன் கிடைக்கவில்லை? பழைய வகை நீலத் தலைக் கம்பிக்கு வி.ஜி.ஏ. என்று பெயர். 1987-இல் வந்தது. அதன் தலையில் மூன்று வரிசையாகப் பதினைந்து ஊசிகள். அவற்றில் 12-ஆவது ஊசியும் 15-ஆவது ஊசியும் இந்தச் சீட்டைக் கொண்டுவரும் வேலையைப் பார்க்கின்றன. படத்தைக் கொண்டுவருபவை வேறு ஊசிகள். அவசரத்தில் நாங்கள் அழுத்திச் செருகியதில் 12-ஆவது ஊசி மடங்கி உள்ளே படுத்திருந்தது. ஆகவே படம் வந்தது, சீட்டு வரவில்லை. படம் வந்துவிட்டதால் எல்லாம் சரி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இன்னொரு விவரம்: நடு வரிசையில் நான்காவது ஊசி, அதாவது 9-ஆவது ஊசி, சில கம்பிகளில் தயாரிப்பிலேயே இருக்காது. அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

மானிட்டர் மாற்றிய பின் செய்ய வேண்டியவை

எங்கள் கல்லா மேஜையில் ஒட்டி வைத்திருக்கும் வரிசை இது. லினக்ஸ் மின்டில் பார்த்து எழுதியது. மற்ற லினக்ஸ் வகைகளில் பெயர்கள் சற்று மாறலாம், முறை ஒன்றே.

1. மாற்றுவதற்கு முன், பழைய மானிட்டர் உயிரோடு இருக்கும்போதே, பில் பக்கத்தை முழுதாகத் திறந்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எத்தனை வரி, கடைசி வரி எது என்பது தெரிந்திருக்கும்.

2. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுக் கம்பியைச் செருகுங்கள். ஊசிகள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்த வேண்டிய தேவை இருந்தால் கோணல் என்று பொருள். இரு பக்கத் திருகுகளையும் முடுக்குங்கள். கம்ப்யூட்டரிலும் மானிட்டரிலும் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அந்தக் கம்பியே மேல்.

3. கம்ப்யூட்டரைப் போட்ட பின், மெனுவில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய் 'டிஸ்ப்ளே' என்பதைத் திறங்கள். மானிட்டரின் பெயர் சரியாக வந்திருந்தால் சீட்டு கிடைத்துவிட்டது. பெயர் வராமல், அளவுப் பட்டியலும் 1024க்கு 768 உடன் நின்றுவிட்டால் முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். வேறு கம்பி வைத்துப் பார்ப்பதே மலிவான வைத்தியம்.

4. 'ரெசல்யூஷன்' என்ற இடத்தில் மானிட்டர் பெட்டியில் போட்டிருக்கும் அளவையே தேர்ந்தெடுங்கள். 'ரிஃப்ரெஷ் ரேட்' என்பது ஒரு வினாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. பில் வேலைக்கு 60 போதும்.

5. 'அப்ளை' கொடுத்ததும், இந்த அமைப்பு இருக்கட்டுமா என்று கேட்கும். படம் நன்றாக வந்தால் மட்டும் ஆமென்று சொல்லுங்கள். திரை இருண்டுபோனாலோ, 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தாலோ எதையும் தட்டாமல் சும்மா இருங்கள். சில வினாடியில் அதுவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். பதற்றத்தில் எண்டர் தட்டுவதுதான் கெடுதல்.

6. பில் பக்கத்தைத் திறந்து, போனில் எடுத்த படத்தோடு கடைசி வரி வரை ஒப்பிடுங்கள்.

7. ஒரு ரொக்க பில், ஒரு கடன் பில், இரண்டும் சோதனைக்குப் போட்டு, பேரேட்டில் சரியாக ஏறியதா என்று பார்த்துப் பிறகு ரத்து செய்யுங்கள். இந்த ஏழாவதைச் செய்திருந்தால் எங்களுக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்திருக்காது.

எழுத்து சிறிதாகிவிட்டால்

சரியான அளவை வைத்ததும் எங்களைப் போன்ற வயதானவர்கள் சொல்லும் முதல் புகார், "எழுத்து பொடியாகிவிட்டது" என்பது. உடனே ரெசல்யூஷனைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் எழுத்து பெருகும், பக்கத்தின் அடி மறையும். அதற்கு வேறு வழி இருக்கிறது. 'ஃபான்ட் செலக்‌ஷன்' என்ற இடத்தில் 'டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர்' என்று ஒன்று உண்டு. அது 1.0 என்று இருக்கும். 1.1 அல்லது 1.2 ஆக்கினால் எழுத்து மட்டும் அந்த அளவுக்குப் பெருகும், புள்ளிக் கணக்கு அப்படியே இருக்கும். இதைக் கூட்டிய பிறகும் பில் பக்கத்தின் கடைசி வரி தெரிகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். எழுத்தோடு சேர்ந்து பக்கமும் வளரக்கூடும்.

ஏதாவது ஒரு பக்கம் திரைக்கு வெளியே போய்விட்டால், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் அந்தப் பக்கத்தின் எந்த இடத்தையும் பிடித்து இழுக்கலாம். மின்டில் இது வேலை செய்யும். அடியில் மறைந்த வரியை அவசரத்துக்கு மேலே கொண்டுவர இது உதவும். நிரந்தர வைத்தியம் ஆகாது.

கம்பி நன்றாக இருந்தும் சரியாகவில்லை என்றால்

இங்கிருந்து விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது, 'நோமோட்செட்' என்ற சொல். லினக்ஸ் போடும்போது படம் வராமல் தகராறு செய்தால் இந்தச் சொல்லைச் சேர்த்துச் சமாளிப்பது உண்டு. பிறகு எடுக்க மறந்துவிட்டால், படம் பற்றிய அளவுகள் சுருங்கியே இருக்கும். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, பழைய மானிட்டருக்கென்று யாராவது கையால் எழுதி வைத்த அமைப்பு. முன்பு வேலை பார்த்தவர் பழைய அளவையே கட்டாயமாக்கி எழுதிவிட்டுப் போயிருந்தால், மானிட்டர் மாறினாலும் அது மாறாது. இதற்கு 'எக்ஸ்-ஆர்க்' கோப்பு என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

மூன்றாவது, நாம் டிஸ்ப்ளேயில் செய்த மாற்றங்களை மின்ட் எழுதி வைத்திருக்கும் கோப்பு. நம் பெயரிலுள்ள ஹோம் ஃபோல்டரில், கன்ட்ரோலும் ஹெச்-உம் சேர்த்துத் தட்டினால் மறைந்திருப்பவை தெரியும். அங்கே 'கான்ஃபிக்' என்ற ஃபோல்டருக்குள் 'மானிட்டர்ஸ்' என்ற சொல் வரும் கோப்பு அது. எந்த மானிட்டருக்கு எந்த அளவு என்று பேர்வாரியாக எழுதி வைத்திருக்கும். குழம்பிப் போனால் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டு, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால், புது மானிட்டருக்குப் புதுக் கணக்கு தொடங்கும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் தேவைப்பட்டால் திருப்பிக்கொள்ளலாம்.

உண்மை நிலையை அறிய ஒரு குறுக்கு வழியும் உண்டு. 'டெர்மினல்' திறந்து எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டி எண்டர் கொடுங்கள். ஒரு பட்டியல் வரும். நட்சத்திரக் குறி எந்த அளவின் பக்கத்தில் இருக்கிறதோ அது இப்போது ஓடுவது. கூட்டல் குறி உள்ளது மானிட்டர் தனக்கு ஏற்றது என்று சொல்வது. இரண்டும் ஒரே வரியில் இருந்தால் நிம்மதியாக வியாபாரத்தைப் பார்க்கலாம். இதில் வெறுமனே பட்டியல் பார்ப்பதால் எதுவும் கெடாது.

டி.வி.யும் இரண்டாவது திரையும்

டி.வி. பெட்டியையே மானிட்டராக வைப்பவர்கள் உண்டு. அளவெல்லாம் சரியாக இருந்தும் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரியும். இதற்கு 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர். பழைய டி.வி.க்களில் ஓரத்துக் கோணலை மறைக்க வந்த பழக்கம் இன்னும் தொடர்கிறது. கம்ப்யூட்டரைக் குறை சொல்லாமல், டி.வி.யின் ரிமோட்டில் பட அளவு பகுதிக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓரம் திரும்பி வந்துவிடும்.

வாடிக்கையாளர் பார்க்க எதிர்ப்பக்கம் ஒரு திரை வைப்பது நல்ல பழக்கம். அதை 'மிரர்' முறையில் வைத்தால் இரண்டு திரையும் பொதுவான ஓர் அளவுக்கு இறங்கிவிடும். எதிர்ப்பக்கம் சிறிய திரை இருந்தால் நம் பக்கமும் சுருங்கும். இரண்டும் ஒரே அளவாக வாங்குவது உத்தமம்.

பதினேழு பேர்

கம்பியை மாற்றினோம். நூற்றைம்பது ரூபாய் செலவு. மானிட்டரின் பெயர் வந்தது, 1920க்கு 1080 வந்தது, காணாமல் போன இரண்டு வரியும் வந்தன. அத்தோடு வேலை முடியவில்லை. வண்டி ஏற்றிய சிட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு பதினேழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, "தவறு எங்களுடையது, உங்கள் பணம் வந்துவிட்டது" என்று சொன்னோம். வரவு வைத்து முடித்தபோது 86,400 ரூபாயும் நேரானது. புரோகிராமில், ரொக்கமா கடனா என்று தட்டாமல் பில் வராதபடி மாற்றி வாங்கினோம். குறுஞ்செய்தி தானாகப் போவதை நிறுத்தி, கல்லா நேராகிவிட்டது என்று நாங்கள் ஒப்புக்கொண்ட பிறகே போகும்படி செய்தோம்.

காலையில் கூப்பிட்டவரின் கடைக்கு மட்டும் மாலையில் நாங்களே நேரில் போனோம். திருத்திய சிட்டையைக் கொடுத்தோம். "மிஷின் பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி" என்று சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார். மிஷின் பண்ணவில்லை, எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டு பில் போடச் சொன்னது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இன்றும் அவர் எங்களிடம்தான் எடுக்கிறார். ஆனால் இப்போது பில்லை வாங்கியதும் அடிவரை ஒரு முறை படித்துப் பார்த்துத்தான் மடித்துப் பையில் வைக்கிறார். படிப்பது நல்ல பழக்கம்தான். எல்லாரும் படிக்க வேண்டும். ஆனாலும் அவர் படிக்கும் அந்த அரை நிமிடம் நாங்கள் கல்லாவில் தலை குனிந்தே உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே வணிகப் பெருமக்களே, பண்டிகைக் கூட்டத்தில் மானிட்டரை மாற்றும்படி ஆகாமல், மங்கத் தொடங்கும்போதே ஒரு சாயங்காலம் கடை அடைத்த பிறகு நிதானமாக மாற்றுங்கள். மாற்றிய பின் பில் பக்கத்தின் கடைசி வரி தெரிகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பில் போடும் பையன் "ஒரு வரி காணோம்" என்றால் அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். கல்லாவில் கூடுதலாக இருக்கும் பணமும் யாரோ ஒருவருடைய கணக்குதான் என்பதை மறவாதிருப்போம்.